விண்மேகத்துக்குள் விழும் காஸ்மிக் கதிரை எப்படி அளக்கிறார்கள்?

கோபிசெட்டிபாளையத்திலிருந்து எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டது:

"ஐயா, வணக்கமுங்க. போன மாதம் எங்கள் வகுப்பை ஊட்டி காஸ்மிக் கதிர் ஆய்வகத்துக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே எண்ணும் கணக்கை வைத்தே, நட்சத்திரம் பிறக்கும் மேகத்தில் எவ்வளவு வாயு அயனியாகிறது என்று சொல்லிவிட முடியாதுங்களா? இன்னொரு சந்தேகம். ஒரு புத்தகத்தில் அந்த வீதம் நொடிக்கு 10⁻¹⁷ என்று இருக்கிறது, இன்னொன்றில் 3 × 10⁻¹⁶ என்று இருக்கிறது. முப்பது மடங்கு வித்தியாசம். என் புராஜெக்டில் எதை எழுதுவதுங்க?"

காஸ்மிக் கதிர் என்பது விண்வெளியில் மிக வேகமாகப் பாயும் மின்னூட்டத் துகள்கள், பெரும்பாலும் புரோட்டான்கள். அது மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைத் தட்டிவிட்டால் மிச்சம் அயனி. தம்பி, முதல் கேள்விக்கு நேர் பதில்: முடியாது. ஏன் முடியாது என்பதைப் பிடித்துக்கொண்டால் இரண்டாவது கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

நீங்கள் பார்த்தது டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் கிரேப்ஸ்-3. கடல் மட்டத்துக்கு மேலே 2,200 மீட்டரில், துகள் பட்டால் மினுக்கும் சுமார் 400 பிளாஸ்டிக் சின்டிலேட்டர்களும், மியூவான் என்ற, எலக்ட்ரானைவிடக் கனமான துகளை எண்ணும் 560 சதுர மீட்டர் பரப்புள்ள மியூவான் தொலைநோக்கியும் இருக்கின்றன. உலகத்தரமான கருவி. 2014 டிசம்பர் 1 அன்று ஊட்டிக்கு மேலே வந்த ஓர் இடிமேகத்தின் மின்னழுத்தம் 130 கோடி வோல்ட் என்பதை மியூவான் எண்ணிக்கை குறைந்ததை வைத்தே சொன்னார்கள். ஆனால் அங்கே வந்து சேரும் மியூவான்கள் விண்வெளியிலிருந்து நேரே வந்தவை அல்ல. விண்ணிலிருந்து வந்த புரோட்டான் நம் காற்றில் மோதியபோது பிறந்தவற்றின் வழித்தோன்றல்கள். அந்த அளவுக்கு வர வேண்டுமானால் மூலப் புரோட்டானுக்குப் பெரிய ஆற்றல் வேண்டும். அதோடு நாம் இருக்கும் இடமும் ஒரு தடை. புவியின் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்பகுதி வழியாகப் போகிறது. துருவத்தில் காந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு சின்ன ஆற்றல் துகளும் கீழே இறங்கிவிடும். இங்கே கோடுகள் குறுக்கே கிடக்கின்றன. அதனால் ஊட்டிக்கு மேலே செங்குத்தாக இறங்க ஒரு புரோட்டானுக்கு ஏறத்தாழ 17 கிகாவோல்ட் காந்த விறைப்பு, அதாவது காந்தத்துக்கு வளையாமல் வரும் திறன், வேண்டும். அதற்குக் குறைந்தவை வளைந்து திரும்பிவிடும்.

விண்மேகத்தில் அயனியாக்கும் வேலையைச் செய்வதோ, நாம் இங்கே இழந்துவிடும் அந்தச் சின்னத் துகள்கள்தான். சில மெகா எலக்ட்ரான்வோல்ட்டிலிருந்து ஒரு கிகா எலக்ட்ரான்வோல்ட் வரைக்கும் ஆற்றல் உள்ள புரோட்டான்கள் (எலக்ட்ரான்வோல்ட் துகளின் ஆற்றலை அளக்கும் அலகு, ஒரு கிகா ஆயிரம் மெகா). காரணம் எளிது. மின்னூட்டமுள்ள துகள் மெதுவாகப் போனால் ஒவ்வொரு மூலக்கூறின் பக்கத்திலும் கூடுதல் நேரம் இருக்கும், எலக்ட்ரானைப் பிடுங்கும் வாய்ப்பு கூடும். வேகமாகப் போவது தொட்டும் தொடாமலும் தாண்டிவிடும். இந்த மெதுவான கூட்டத்தைப் பூமியின் காந்தம் மட்டுமல்ல, அதற்கு முன்பே சூரியக் காற்றும் தள்ளிவிடுகிறது. சூரிய மண்டலத்துக்குள் எங்கே கருவி வைத்தாலும் அவற்றின் உண்மையான எண்ணிக்கை தெரியாது. ஆகவே மேகத்தையேதான் கேட்க வேண்டும்.

சரி, அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று பார்த்துவிடுவோம். நொடிக்கு 10⁻¹⁷ என்றால், ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறை எடுத்துக்கொண்டால் அது ஒரு முறை அடிபட சராசரியாக 10¹⁷ நொடி, அதாவது சுமார் 300 கோடி ஆண்டுகள் ஆகும். இது நடக்காத காரியம் மாதிரித் தெரியும். ஆனால் நட்சத்திரம் பிறக்கும் அடர்ந்த மேகத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்குப் பத்தாயிரம் மூலக்கூறுகள் இருக்கின்றன. பத்துக்குப் பத்து அறை, உயரமும் பத்தடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அறை நிறைய மேகம் இருந்தால் நான்கு நாளைக்கு ஒரு மூலக்கூறு அயனியாகும். அவ்வளவுதான் நடப்பது. நான்கு நாளைக்கு ஒன்று!

அந்த ஒன்றை நம்பித்தான் மேகத்தின் வாழ்க்கை ஓடுகிறது. வெளியிலிருந்து வரும் புற ஊதா ஒளியைத் தூசி தடுத்துவிடுகிறது. உள்ளே நுழைய முடிந்தது காஸ்மிக் கதிர் மட்டுமே. மேகம் பத்து கெல்வினுக்குக் கீழே உறைந்துபோகாமல் காப்பதில் அதற்குப் பெரிய பங்கு. பெரும்பாலான மூலக்கூறுகளின் வேதியியல் இப்படி உண்டாகும் அயனியிலிருந்துதான் ஆரம்பமாகிறது. எல்லாவற்றையும்விட முக்கியம் காந்தப்புலம். காந்தம் நடுநிலை வாயுவைத் தொடாது, அயனிகளை மட்டும் பிடிக்கும். மேகத்தின் நெருக்கமான உள்பகுதியான அடர்ந்த கருவில் கோடியில் ஒன்று அயனியாக இருந்தாலே போதும், அது மோதி மோதி மற்ற வாயுவையும் இழுத்துப் பிடித்துவிடும். அயனி குறைந்தால் பிடி தளரும், வாயு காந்தக் கோடுகளுக்கு இடையே நழுவிச் சரியும். நட்சத்திரம் எவ்வளவு சீக்கிரம் பிறக்கும், அதைச் சுற்றித் தட்டு எவ்வளவு பெரிதாக உருவாகும் என்பதெல்லாம் இதைப் பொறுத்தது. அதனால்தான் உங்கள் முப்பது மடங்கு வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை.

இப்போது அளக்கும் வழிக்கு வருகிறேன். நான் காங்கேயம் பக்கத்துக்காரன். எங்கள் தோட்டத்துப் பாறைக் கிணற்றை வைத்துத்தான் எனக்கே இது முதலில் விளங்கியது. கிணற்றில் ஊற்று எவ்வளவு சுரக்கிறது என்பதை யாரும் நேராகப் பார்க்க முடியாது, பாறை இடுக்கில் எங்கோ கசிகிறது. ஆனால் மோட்டாரை ஓடவிட்டால் நீர் மட்டம் இறங்கி, ஓர் இடத்தில் நின்றுவிடும். அந்த இடத்தில் ஊற்று தருவதும் மோட்டார் எடுப்பதும் சமம். மோட்டார் எவ்வளவு எடுக்கிறது என்பது தெரிந்தால் ஊற்று தெரிந்த மாதிரி. தெரியாமல் வெறும் மட்டத்தைப் பார்த்துச் சொன்னால் அது யூகம்.

விண்மேகத்தில் ஊற்று என்பது காஸ்மிக் கதிர். நிற்கும் நீர் என்பது மூன்று ஹைட்ரஜன் அணுக்கள் சேர்ந்த எச்3+ அயனி. கதிர் ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைத் தட்டிவிடும். மிச்சமிருக்கும் எச்2+ இன்னொரு மூலக்கூறை மோதியதும் எச்3+ ஆகிவிடும். அடர்ந்த மேகத்தில் இதற்கு ஒரு நாள்கூட ஆகாது. அதனால் எத்தனை அடி விழுந்ததோ ஏறக்குறைய அத்தனை எச்3+. இதைவிட நேரான கணக்கு வேறு எந்த மூலக்கூறிலும் கிடையாது. மோட்டார் யார்? மெல்லிய மேகத்தில் எலக்ட்ரான்தான். எச்3+ ஓர் எலக்ட்ரானைச் சந்தித்ததும் உடைந்து காணாமல் போய்விடும்.

இந்த அயனியை ஜே. ஜே. தாம்சன் 1911-இலேயே ஆய்வகத்தில் கண்டார். விண்வெளியில் அது வேதியியலுக்கே ஆரம்பப்புள்ளி என்று 1973-இல் ஹெர்ப்ஸ்டும் கிளெம்பரரும், தனியாக வாட்சனும் சொன்னார்கள். ஆனாலும் மேகத்தில் அதைப் பார்க்க 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சமச்சீர் முக்கோண வடிவம் என்பதால் அது ரேடியோ அலையில் பேசாது. அகச்சிவப்பில் 3.67 மைக்ரோமீட்டர் பக்கத்தில் சில மெல்லிய கோடுகள் மட்டும்தான். பின்னால் பிரகாசமான ஒரு மூலம் இருந்தால், அதன் ஒளியில் ஒரு சதவீதம் அளவுக்கு ஒரு சின்னப் பள்ளம் விழும். அந்தப் பள்ளம் பூமியின் காற்று செய்த வேலையா, மேகம் செய்ததா என்று எப்படிச் சொல்வது? கெபாலியும் தகேஷி ஒகாவும் ஹவாயின் மௌனா கியா மலையில் ஒரு முறை பார்த்தார்கள், சில மாதம் கழித்து மறுபடியும் பார்த்தார்கள். அதற்குள் பூமி தன் பாதையில் திசை மாறிவிட்டது. கோடும் அதற்கேற்ற அளவு நகர்ந்திருந்தது. காற்றில் உள்ள கோடு நகராது. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த அளவீடு இதுதான்.

அடுத்த திருப்பம் 2003. அதில் வரும் நட்சத்திரத்தை நீங்களே பார்க்கலாம். மார்கழி இரவு ஒன்பது மணிக்குத் தோட்டத்தில் நின்று கார்த்திகைக் கூட்டத்தைக் கண்டுபிடியுங்கள். கையை நேரே நீட்டி முஷ்டி பிடித்தால், அதிலிருந்து வடக்கே ஒரு முஷ்டிக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருப்பது சீட்டா பெர்சி. அயனியாக்க வீதத்துக்கும் கிரேக்க எழுத்து சீட்டாதான் குறியீடு, குழம்பிவிடாதீர்கள். அந்த நட்சத்திரத்துக்கும் நமக்கும் நடுவே ஒரு மெல்லிய மேகம் இருக்கிறது. மெக்கால் குழுவினர் அதில் எச்3+ எவ்வளவு என்று பார்த்தார்கள். ஒரு சதுர சென்டிமீட்டர் குறுக்குவெட்டுள்ள பார்வைக் கோட்டில் 8 × 10¹³ அயனி.

கணக்கு இப்படிப் போகும். வீதத்தை மேகத்தின் நீளத்தால் பெருக்கினால் வருவது மூன்று எண்களின் பெருக்கல்: எச்3+ எண்ணிக்கை, எலக்ட்ரானோடு சேர்ந்து உடையும் வேகம், ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு எத்தனை எலக்ட்ரான் என்ற பங்கு. எண்ணிக்கையைத் தொலைநோக்கி தந்தது. மெல்லிய மேகத்தில் எலக்ட்ரான் பெரும்பாலும் கார்பனிலிருந்து வருகிறது. அதே நட்சத்திரத்தின் புற ஊதா நிறமாலையில் கார்பனும் ஹைட்ரஜனும் தெரிந்ததால் பங்கும் கிடைத்தது, 3.8 × 10⁻⁴. சிக்கல் உடையும் வேகத்தில்தான் இருந்தது. இருபது ஆண்டுகளாக ஆய்வகங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவராத எண்களைக் கொடுத்துக்கொண்டிருந்தன, சில இடங்களில் பல்லாயிரம் மடங்கு வித்தியாசம்! ஆய்வகத்தில் உண்டாக்கும் அயனி சூடாக அதிர்ந்துகொண்டிருக்கும், மேகத்தில் அது குளிர்ந்து அமைதியாக இருக்கும். மெக்கால் குழுவினர் அயனிகளைச் சுற்றவிட்டு வைத்திருக்கும், ஸ்டாக்ஹோமில் இருந்த கிரைரிங் சேமிப்பு வளையத்துக்குள் முன்கூட்டியே குளிர்வித்த எச்3+ அயனியை அனுப்பி அளந்தார்கள். மேகத்தின் வெப்பநிலைக்கு 2.6 × 10⁻⁷ கன சென்டிமீட்டர், நொடிக்கு. மோட்டார் எவ்வளவு எடுக்கிறது என்பது ஒருவழியாகத் தெரிந்துவிட்டது.

பெருக்கிப் பாருங்கள், நொடிக்குச் சுமார் 8,000 சென்டிமீட்டர் வரும். அதை மேகத்தின் நீளத்தால் வகுக்க வேண்டும். அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 250 என்று வைத்து, நீளம் சுமார் 7 ஒளியாண்டு என்றார்கள். விடை 1.2 × 10⁻¹⁵. அதுவரை எல்லோரும் வைத்திருந்ததைப்போல் நாற்பது மடங்கு! பிறகு பல நட்சத்திரங்களின் வழியே பார்த்து, அடர்த்தியையும் எலக்ட்ரானையும் இன்னும் கவனமாகப் போட்டு, இண்ட்ரியோலோவும் மெக்காலும் 2012-இல் சொன்ன சராசரி 3.5 × 10⁻¹⁶. உங்கள் இரண்டாவது புத்தகத்தின் எண் அநேகமாக இங்கிருந்து வந்ததுதான்.

கணக்கில் அந்த 250 எங்கிருந்து வந்தது என்பதைக் கவனித்தீர்களா? அது நேராக அளந்ததல்ல. வானில் மேகத்தின் அகலம் தெரியும், பார்வைக் கோட்டில் மொத்த வாயு தெரியும், ஆழம் தெரியாது. ஆழத்தை அடர்த்தியிலிருந்து ஊகித்தார்கள். அடர்த்தியைக் கூட்டிச் சொன்னால் மேகம் குட்டையாகிவிடும், வீதம் அதே அளவுக்கு ஏறிவிடும். கையா விண்கலம் அளந்த நட்சத்திரத் தூரங்களை வைத்து நம் அக்கம்பக்கத்துத் தூசியின் முப்பரிமாண வரைபடம் வந்தபோதுதான் மேகங்களின் ஆழம் ஓரளவு கண்ணுக்குத் தெரிந்தது. அதை வைத்து 2024-இல் ஓபொலென்சேவா குழுவினர் மறுகணக்குப் போட்டார்கள். பல பார்வைக் கோடுகளில் அடர்த்தி முன்பு நினைத்ததைவிட மிகக் குறைவு. வீதம் சராசரியாகச் சுமார் ஒன்பது மடங்கு இறங்கி, 6 × 10⁻¹⁷ பக்கம் வந்து நின்றது. எச்3+ எண்ணிக்கை மாறவில்லை. உடையும் வேகமும் மாறவில்லை. கிணற்றின் சுற்றளவைத்தான் தப்பாக எடுத்திருந்தோம்.

இந்த இறக்கம் இன்னொரு பழைய முடிச்சையும் பெரும்பாலும் அவிழ்த்தது. வாயேஜர்-1 விண்கலம் 2012 ஆகஸ்ட் 25 அன்று சூரியக் காற்றின் எல்லையைத் தாண்டியது. அங்கே முதன்முறையாகத் தடையில்லாமல் 3 மெகா எலக்ட்ரான்வோல்ட் வரைக்கும் புரோட்டான்களை எண்ண முடிந்தது. கம்மிங்ஸ் குழுவினர் 2016-இல் அந்தக் கணக்கிலிருந்து போட்ட வீதம் ஹைட்ரஜன் அணுவுக்கு 1.5 × 10⁻¹⁷ சுற்றி. எச்3+ சொன்னது அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல். சூரியன் இருக்கும் பகுதியில் மட்டும் கதிர் குறைவா, மேகங்களுக்குப் பக்கத்திலேயே சின்னத் துகள்கள் பிறக்கின்றனவா என்று பல யோசனைகள் ஓடின. அடர்த்தி திருத்தப்பட்ட பிறகு இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிட்டது. முழுதாக மூடிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன், மூன்று மெகாவுக்குக் கீழே வாயேஜரும் பார்க்கவில்லை.

இடையில் ஒரு எச்சரிக்கை. வீதம் என்று எழுதும்போது ஹைட்ரஜன் அணுவுக்கா, மூலக்கூறுக்கா, கதிர் நேரே தட்டியது மட்டுமா, தட்டிவிட்ட எலக்ட்ரான் போய் மறுபடி தட்டியதும் சேர்த்தா என்று பாருங்கள். அணுவுக்கான நேரடி அடியை ஒன்று என்று வைத்தால், மூலக்கூறுக்கான மொத்தம் சுமார் 2.3 மடங்கு. இரண்டு புத்தகங்கள் இரண்டு வரையறை வைத்திருந்தால் அதிலேயே இரட்டிப்பு வித்தியாசம் ஒளிந்திருக்கும். அதைச் சரிபார்க்காமல் இரண்டு எண்ணை ஒப்பிட்டால் உழைப்பு வீண்.

இதுவரை சொன்னது மெல்லிய மேகம். நட்சத்திரம் பிறக்கும் அடர்ந்த கருவில் பின்னாலிருந்து அகச்சிவப்பு ஒளி வருவதே அபூர்வம், எச்3+ பள்ளத்தைப் பார்க்க வழியில்லை. அங்கே அதன் பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். எச்3+ தன் புரோட்டானைக் கார்பன் மோனாக்சைடுக்குக் கொடுத்தால் எச்சிஓ+ பிறக்கும், அது ரேடியோ அலையில் நன்றாகப் பேசும். பத்து கெல்வின் குளிரில் இன்னொன்றும் நடக்கிறது. டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜன், ஒரு லட்சம் ஹைட்ரஜனுக்கு ஒன்றரை என்ற கணக்கில்தான் இருக்கிறது. ஆனால் குளிரில் எச்3+ அதைப் பிடித்துக்கொண்டால் விடுவதில்லை. அது அப்படியே டிசிஓ+ ஆக, அதாவது எச்சிஓ+ அயனியில் ஹைட்ரஜன் இடத்தில் டியூட்டீரியம் உள்ளதாக, வெளியே தெரியும். சில கருக்களில் டிசிஓ+, எச்சிஓ+ விகிதம் நூற்றில் சில பங்கு வரைக்கும் போகிறது. எலக்ட்ரான் அதிகமானால் இந்தச் சேகரிப்பு உடைந்துவிடும், விகிதம் இறங்கும். ஆகவே விகிதத்திலிருந்து எலக்ட்ரானைச் சொல்லலாம் என்று கெலான் குழுவினர் 1977-இல் காட்டினார்கள். கசெல்லி குழுவினர் 1998-இல் பல கருக்களில் இதைச் செய்து பார்த்தார்கள்.

வழி நல்லதுதான், ஆனால் இடையில் கை மாறும் பேர் அதிகம். கருவின் நடுவில் கார்பன் மோனாக்சைடே தூசியின் மேல் பனியாக ஒட்டிக்கொண்டுவிடுகிறது, அப்போது எச்சிஓ+ மேகத்தின் தோலைத்தான் காட்டும். அதனால் இப்போது 372 கிகாஹெர்ட்ஸில், டியூட்டீரியத்தைப் பிடித்துக்கொண்ட எச்3+ ஆன எச்2டி+ அயனியையே பார்த்து, எவ்வளவு கார்பன் மோனாக்சைடு உறைந்தது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறார்கள். ரிஷபத்தில் இருக்கும் எல்1544 என்ற கருவுக்கு இப்படி வந்தது சுமார் 3 × 10⁻¹⁷. மெல்லிய மேகத்தைவிடக் குறைவு. எதிர்பார்த்ததுதான், சின்னத் துகள்கள் உள்ளே போகும் வழியிலேயே ஆற்றலை இழந்துவிடுகின்றன.

இடத்துக்கு இடமும் மாறும். வெடித்த நட்சத்திரத்தின் மிச்சம் பக்கத்தில் இருந்தால், ஐசி 443 அருகே பார்த்தது போல, 10⁻¹⁵ அளவுக்கு ஏறுகிறது. பால்வீதியின் மையத்தில் 10⁻¹⁴ வரைக்கும் போகிறது.

எனக்கு இப்போது மிகுந்த நம்பிக்கை தருவது பியாலி 2020-இல் சொன்ன வழி. கதிர் தட்டிவிட்ட எலக்ட்ரான் மேகத்துக்குள் திரியும்போது ஹைட்ரஜன் மூலக்கூறை அதிர வைக்கும். அது அகச்சிவப்பில் ஒளிர்ந்து அடங்கும். குளிர்ந்த மேகத்தின் உள்ளே மூலக்கூறு அப்படி ஒளிர வேறு காரணம் அரிது. இதில் எலக்ட்ரானும் வேண்டாம், உடையும் வேகமும் வேண்டாம், அடர்த்தியும் வேண்டாம், மொத்த வாயு தெரிந்தால் போதும். ஊற்று கசிவதையே பார்ப்பது போல. முக்கியமான கோடு 2.63 மைக்ரோமீட்டரில் வருகிறது, அதை நம் காற்று விழுங்கிவிடும். அதனால் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி தேவைப்பட்டது, பார்னார்டு 68 என்ற இருண்ட கருவை அது இதற்காகவே பார்த்தது.

உங்கள் புராஜெக்ட் அடர்ந்த கருவைப் பற்றியது என்றால் மூலக்கூறுக்கு 3 × 10⁻¹⁷ வைத்துக்கொண்டு, மூன்று மடங்கு மேலும் கீழும் போட்டுப் பாருங்கள். மெல்லிய மேகம் என்றால் 6 × 10⁻¹⁷. பழைய 3.5 × 10⁻¹⁶ எண்ணை அப்படியே எடுக்காதீர்கள், எந்த அடர்த்தியில் வந்தது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். அதற்கு முன்னால் சீட்டா பெர்சி கணக்கை மேலே உள்ள எண்களை வைத்து ஒரு தாளில் கையால் போடுங்கள். பிறகு 250-க்குப் பதிலாக 30 என்று வைத்து மறுபடி போடுங்கள். தொலைநோக்கியில் எதுவும் மாறாமலே 1.2 × 10⁻¹⁵ என்பது 1.4 × 10⁻¹⁶ ஆகும்.